இருபதாவது நாயைப் பார்க்க வந்தவர்கள்

என் முதுகலைப் பட்டம் இரண்டு வருடம் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. காரணம் கேட்கும் படிவங்களில் எல்லாம் "ஆய்வு நீட்டிப்பு" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். உண்மைக் காரணத்தை எழுத எந்தப் படிவத்திலும் இடம் போதாது. வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு நாயை நலம் விசாரிக்க முப்பது பேர் வந்துவிட்டார்கள்.

இந்தக் கதையை என்னைவிட என் கணவர்தான் அதிகம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் அங்கே கிடையாது, எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்வார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வந்தவர்களின் எண்ணிக்கை ஏறும். போன பொங்கலுக்கு அது அறுபது பேராகி, கூடவே ஒரு மேளக் கோஷ்டியும் சேர்ந்துவிட்டது. மறுத்து மறுத்து எனக்கு வாய் வலித்துவிட்டது. நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அதற்கப்புறம் ஆளை விடுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, மேற்படிப்புக்கு அறுவை சிகிச்சையை எடுத்திருந்தேன். பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்யும்போது வயிற்றின் நடுவில் கிழிப்பது நல்லதா, விலாப்பக்கம் கிழிப்பது நல்லதா, எதில் வலி குறைவு, வலி மருந்து கொடுத்தால் எவ்வளவு குறைகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. (இதை ஒரே மூச்சில் சொல்லப் பழகவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது.) வீடு மதுரையில், பழங்காநத்தத்தில். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்ததால், ஆபரேஷன்களை மட்டும் மதுரையிலேயே ஒரு கால்நடை மருத்துவமனையில் செய்துகொள்ள அனுமதி வாங்கியிருந்தேன்.

நாய்க்கு வலிக்கும் என்பதையே அப்போது பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு என்ன ஆராய்ச்சி பண்ணுது?" என்று கேட்டார். என் அம்மா பெருமை தாங்காமல், "நாய்க்கு வலிக்குதா இல்லையான்னு பாக்குதுங்க" என்றார். அவர்கள் கேசரியோடு எழுந்துவிட்டார்கள், பஜ்ஜி அடுப்பிலேயே நின்றுபோனது.

வலியை அளக்க நானே ஒரு தாள் தயாரித்திருந்தேன். ஆபரேஷன் முடிந்த நாயைத் தனி அறையில் விட்டுவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை கதவிலிருந்த ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். முனகினால் இத்தனை மார்க், நடுங்கினால் இத்தனை, எழ மறுத்தால் இத்தனை. மார்க் கூடக் கூட வலி கூட. எழுந்து நின்று வாலை ஆட்டினால் சைபர், அதாவது வலியே இல்லை. வாலுக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தேன். அந்தக் கட்டத்தின் மேல் எனக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமல்ல. மனிதன் வாயால் பொய் சொல்வான், நாய் வாலால் பொய் சொல்லாது என்று முன்னுரையில் ஒரு வாக்கியம்கூட எழுதி, அதைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் படித்துக்கொள்வேன். இருபத்துமூன்று வயதில் யாருக்கும் அந்த அளவுக்குத் தெளிவு இருக்கக் கூடாது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. எந்த நாய்க்கு வலி மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்பது எனக்கே தெரியக் கூடாது. தெரிந்தால், மருந்து போட்ட நாய்க்கு என் மனசு தானாகவே சைபர் போட்டுவிடும். அதனால் மருந்தகத்தில் இருந்தவர் சீட்டுக் குலுக்கிப் பார்த்து, ஊசியை நிரப்பி, என்ன நிரப்பினார் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி உறைக்குள் போட்டு ஒட்டித் தருவார். ஊசி போடுவது நான். உள்ளே இருப்பது என்ன என்பது உறைக்குள். இருபது நாய்களும் முடிந்த பிறகுதான் உறைகளைப் பிரிக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஒன்றைப் பிரித்துவிட்டால் அந்த நாய் ஆராய்ச்சியில் சேராது.

இருபது நாய் என்பது எழுதும்போது சின்ன எண். தேடும்போதுதான் தெரியும். தெருநாயைப் பிடித்து வந்து செய்யக் கூடாது, உடைமையாளர் கையெழுத்து வேண்டும் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனையூரிலிருந்து பழங்காநத்தம் வரை வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உங்க நாயைக் கொஞ்சம் கிழிச்சுப் பாக்கலாமா?" என்பதையே நாசூக்காகக் கேட்டுக்கொண்டு அலைந்தேன். பாதி வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பத்தொன்பதாவதாக, கே.கே. நகரில் ஒரு வங்கி அதிகாரி வீட்டுப் பொமரேனியன், ஸ்வீட்டி என்று பெயர், எப்படியோ கிடைத்தது. இருபதாவதாகக் கிடைத்தவள் பவுனு.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து தங்கராசு என்ற விவசாயியும் அவர் மனைவி பாண்டியம்மாவும் மாட்டுக்கு மருந்து வாங்க வந்திருந்தார்கள். பாண்டியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பேச்சுவாக்கில் தங்கள் நாயைப் பற்றிச் சொன்னாள்.

"ஈத்துக்கு ஏழு எட்டுப் போடுது டாக்டரம்மா. மோட்டார் ரூம்புல குட்டிகளைப் போட்டுட்டு எலும்பும் தோலுமா நிக்கிது. போன ஈத்துல செத்துப் பொழைச்சுச்சு."

நான் ஆபரேஷனைப் பற்றி விளக்கினேன். தங்கராசு கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஆபரேசன் பண்ணுனா வாளி குடுப்பீகளா?"

குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் வாளி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. "இது நாய்க்குண்ணே. வாளியெல்லாம் கிடையாது" என்றேன்.

"நாய்க்கு எதுக்கு வாளி? எங்களுக்குத்தேன்" என்றார் அவர்.

வாளி இல்லாமலே பாண்டியம்மா சம்மதித்தாள். நான் படிவத்தை எடுத்து, எதையும் மறைக்கக் கூடாது என்ற கொள்கைப்பிடிப்போடு படித்துக் காட்டினேன். "இது பெரிய ஆபரேஷன். மயக்க மருந்து குடுத்து, வயித்தைக் கிழிச்சுப் பண்றது. ஒரு நாள் பூரா இங்கயே வச்சுப் பாக்கணும்." பாண்டியம்மாவின் முகம் மாறிவிட்டது. "பெரிய ஆபரேசனா?" என்றாள். "ஆமா, பெரிய ஆபரேஷன்தான்" என்று இன்னொரு தடவை அழுத்தமாகச் சொன்னேன். என் இரண்டு வருடம் போனது அந்த இடத்தில்தான்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் பெரிய ஆபரேஷன் என்றால் என்ன என்று பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டால் யார் கையிலாவது மொய்யைக் கொடுத்தனுப்பிச் சமாளித்துவிடலாம். ஆஸ்பத்திரியில் கிடந்தவரை எட்டிப் பார்க்கவில்லை என்றால் அந்தக் குறை பேரன் காலம் வரைக்கும் நிற்கும். படுத்திருப்பவருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தையல் பிரிந்தாலும் சரி, வந்தவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, "எனக்கென்ன, நல்லாத்தேன் இருக்கேன், நீங்க எதுக்கு இம்புட்டுத் தொலவு அலையிறீக?" என்று சொல்லியாக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நாய்க்கும் இது பொருந்தும் என்பது மட்டும் தெரியாது.

பவுனு சாதாரணமாக வாங்கிய நாயும் இல்லை. பாண்டியம்மா கல்யாணமாகி வந்தபோது, பிறந்த வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த குட்டி. அப்படியானால் பவுனுக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு, புகுந்த வீடு உண்டு. இந்தத் தகவலையும் என்னிடம் சொல்லத்தான் செய்தார்கள். நான் படிவத்தில் "வயது: நான்கு" என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஆபரேஷன் நாளன்று சென்னையிலிருந்து பேராசிரியரும் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், சஃபாரி உடை, பேச்சு குறைவு. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அன்று மாலை ஆறு மணி வரை பவுனுக்கு வாசிப்பு எடுத்து முடித்தால் இருபதும் நிறைவு. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவேன் என்று அவரே சொல்லியிருந்தார். அந்தப் பட்டத்தை நம்பி ஒரு வேலை எனக்காகக் காத்திருந்தது. அந்த வேலையை நம்பி அப்பாவின் வைத்தியம் இருந்தது.

காலை எட்டு மணிக்குப் பவுனை மேஜையில் ஏற்றினோம். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. (இந்தக் கதையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருப்பது இந்த ஒரு வரிதான்.) மயக்கம் தெளியும் நேரத்தில் உறையோடு வந்த ஊசியைப் போட்டேன். மருத்துவமனையின் பின்புறம் இருந்த அறையில், ஸ்வீட்டிக்குப் பக்கத்துத் தடுப்பில் படுக்கவைத்தோம். ஸ்வீட்டிக்கு முந்தின நாள் மாலை ஆபரேஷன் ஆகி, இன்னும் சில வாசிப்புகள் பாக்கி இருந்தன.

பதினொரு மணிக்கு ஓட்டை வழியாகப் பார்த்தேன். பவுனு கண் விழித்திருந்தாள், லேசாக நடுங்கினாள், எழவில்லை. ஐந்து மார்க் போட்டேன். அப்போது வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தால், டிராக்டர் பெட்டியிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தங்கராசுவின் அண்ணன்மார், அவர்கள் சம்சாரங்கள், பெரியம்மா, சித்தப்பா, பக்கத்துத் தோட்டக்காரர். கையில் ரொட்டி, சாத்துக்குடி, தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப்பு. எல்லோரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் துக்க முகத்தோடு இருந்தார்கள்.

எங்கள் உதவியாளர் சீனி அண்ணனிடம் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று காலையிலேயே பத்துத் தடவை சொல்லியிருந்தேன். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே இது?"

"உடம்பு சரியில்லாததைப் பாக்க வந்தவகளை வாசல்லயே மறிச்சா அந்தப் பாவம் எனக்கில்ல வந்து சேரும்? நீங்க படிச்சவுக, ஒங்களுக்கு ஒட்டாது."

முதல் ஆள் வாசலில் தலையைக் காட்டியதும், அதுவரை தலையைக்கூடத் தூக்காத பவுனு எழுந்து நின்றாள். நின்றது மட்டுமில்லை, வாலை ஆட்டினாள். ஒவ்வொருவராக உள்ளே வர வர ஆட்டிக்கொண்டே இருந்தாள். பேராசிரியர் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

"சைபர்! எழுதும்மா!"

"சார், கூட்டமா இருக்கே, இவங்களை வெளிய அனுப்பிடவா?"

"இருக்கட்டும். ஆளைப் பாத்ததும் எந்திரிக்குதுன்னா நிச்சயம் வலி இல்ல. மருந்து நல்லா வேலை செய்யுது. எழுது."

எழுதினேன். பதினொன்றரைக்குச் சைபர், பன்னிரண்டுக்குச் சைபர். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். பட்டம் வாங்கும்போது எந்தப் புடவை கட்டுவது என்பது வரை யோசனை ஓடியது.

ஆஸ்பத்திரிக்கு வந்தால் நம் ஆளை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பும் பழக்கம் நம்மிடம் கிடையாதே. பக்கத்துப் படுக்கையையும் விசாரிக்க வேண்டும். தங்கராசுவின் பெரியம்மா ஸ்வீட்டியின் தடுப்புக்கு முன்னால் போய் நின்றார். "இது யாரு பெத்த பிள்ளையோ, வந்து பாக்க ஒரு நாதி இல்லாம கெடக்கே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் ஆட்டுக்கால் சூப்பைக் கிண்ணத்தோடு உள்ளே வைத்துவிட்டார். பிறந்ததிலிருந்து பாலும் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த ஸ்வீட்டி அதை ஒரே மூச்சில் குடித்தாள். பத்து நிமிடத்தில் குடித்ததையெல்லாம் வெளியே தள்ளினாள். பத்தொன்பதாவது நாயின் மீதி வாசிப்புகள் அத்தோடு முடிந்தன.

பன்னிரண்டரைக்குப் பிறந்த வீடு வந்தது. பாண்டியம்மாவின் அண்ணன் வீரணன் தலைமையில் பதினைந்து பேர், இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பவுனு படுக்க ஒரு புதுப் போர்வை. பவுனு மறுபடி எழுந்து, ஒவ்வொருவர் கையாக நக்கி, வாலை ஆட்டினாள். வீரணன் அவள் தலையைத் தடவிவிட்டு, தங்கராசு பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்ள, எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய ஆபரேசன். டீக்கடையில எவனோ சொல்லித்தேன் எங்களுக்குத் தெரியணுமா?"

"திடீர்னு முடிவாயிருச்சு மச்சான். சொல்லி விட நேரமில்ல."

"டிராக்டர் கட்டிக்கிட்டு ஊரையே கூட்டியார நேரம் இருந்துச்சுல்ல? வயித்தைக் கிழிக்கிற காரியம். பொறந்த வீட்டை ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா?"

"கட்டிக் குடுத்தப்புறம் என்ன கேக்குறது?" என்றார் தங்கராசுவின் அண்ணன் ஒருவர்.

அவ்வளவுதான். அறைக்குள் முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு பவுனிடமிருந்து நகர்ந்து, கல்யாணத்தில் பந்திக்கு யாரை முதலில் உட்கார வைத்தார்கள் என்பது வரை போனது. கடைசியில் வீரணன் பேராசிரியரைப் பிடித்துக்கொண்டார். "பெரிய டாக்டரு, நீங்க நாலும் தெரிஞ்சவுக. நீங்களே ஒரு நாயத்தைச் சொல்லுங்க."

பேராசிரியர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம் கையை நீட்டி, "அந்தச் சம்மதப் படிவத்தைக் குடும்மா" என்றார். பாண்டியம்மாவின் கைநாட்டுக்குக் கீழே வீரணனிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார். வீரணன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். சண்டை அந்த இடத்தில் நின்றது. பேராசிரியர் நெற்றியில் ஒருவர் திருநீறு பூசினார், கையில் ஒரு சாத்துக்குடி வந்தது. அவர் அதை உரித்துத் தின்றுகொண்டே அடுத்த வாசிப்பைப் பார்த்துச் சொன்னார்: "சைபர்."

இரண்டு மணிக்கு ஒருவழியாகக் கிளம்பினார்கள். "வாரோம் டாக்டரம்மா", "வாரோம் பவுனு" என்று முப்பது பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். கடைசி ஆள் படி இறங்கும் வரை பவுனு நின்றுகொண்டுதான் இருந்தாள். பாண்டியம்மா மட்டும் கூட இருப்பதற்காகத் தங்கினாள்.

இரண்டரைக்கு ஓட்டையில் கண்ணை வைத்தேன். பவுனு சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தாள். உடம்பு முழுவதும் நடுங்கியது. வாய் திறந்து மூச்சு வாங்கியது, ஆனால் முனகல் இல்லை. படுப்பதற்குத் தோதான இடம் கிடைக்காமல் காலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தாள். உள்ளே ஓடினேன். தையல் சரியாக இருந்தது, ரத்தப்போக்கு இல்லை, ஈறு வெளுக்கவில்லை. அது வெறும் வலி. காலையிலிருந்து அங்கேயே இருந்த வலி.

பாண்டியம்மா அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நாலு பேரு முன்னால காட்டிக்கிற மாட்டா டாக்டரம்மா. குட்டி போடையிலயும் இப்பிடித்தேன். ஆளு வந்தா எந்திரிச்சு நிப்பா, போனப்புறம் செவுத்தப் பாத்துப் படுத்துக்கிருவா." கொஞ்ச நேரம் பவுனின் காதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், "வலிக்கு ஊசி போட்டிருக்கீகல்ல?"

"தெரியாது" என்றேன்.

"தெரியாதா? போட்டது நீங்கதானே?"

சீட்டுக் குலுக்கலையும் உறையையும் அவளுக்குச் சொல்ல வாய் எடுத்தேன். தெரியாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும் செய்துவைத்திருக்கிறேன் என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த வெட்கம் அப்படியே வருகிறது. கணவர் கதை சொல்லும்போது இந்த இடத்தை விட்டுவிடுவார்.

மேஜையிலிருந்த இருபதாம் எண் உறையை எடுத்தேன். பேராசிரியர் எழுந்து வந்தார்.

"பிரிச்சா இந்த நாய் போச்சும்மா. ஆறு மணிக்கு இன்னும் மூணரை மணி நேரம்தான். யோசிச்சுக்க."

யோசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா, வேலை, மாதக் கடைசி எல்லாவற்றையும் யோசித்தேன். ஒரு வேளை உள்ளே மருந்து என்றே எழுதியிருந்தால் எல்லாம் வீண் என்றும் யோசித்தேன். பவுனு திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்து, நான் வெளியாள் என்பதால், கிடந்த கிடையிலேயே வாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ரப்பர் கையுறை மாட்டியிருந்த கைக்குக் காகிதம் பிடிபடவில்லை, பல்லால் கிழித்தேன். உப்புநீர்.

வலி மருந்தைப் போட்டு அரை மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பவுனு காலை நீட்டி, பாண்டியம்மாவின் முட்டியில் தலையை வைத்துத் தூங்கினாள். பேராசிரியர் என் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக நின்ற சைபர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் என்னம்மா?"

"மரியாதை சார்" என்றேன். அழுகை வந்துகொண்டிருந்ததால் யோசிக்காமல் வாயில் வந்தது.

அவர் மற்ற நாய்களின் தாள்களைப் புரட்டினார். "அப்ப மத்த நாய்ங்களுக்கு நீ போட்டிருக்கற சைபர்ல எத்தனை வலி இல்லாததுக்கு, எத்தனை மரியாதைக்கு?"

"தெரியாது சார்."

ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது "தெரியாது". ஆறு வருடப் படிப்பில் அதற்கு முன் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "வால் கட்டத்தைத் தூக்கிட்டு முதல்லேர்ந்து பண்ணு" என்றார்.

இதைக் கேட்டு நான் தலைநிமிர்ந்து, "ஆம், உண்மைதான் முக்கியம்" என்று சொன்னதாக எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. ஸ்டேஷன் வரைக்கும் அவர் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். ரயில் பெட்டியின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பதினெட்டை மட்டுமாவது வச்சுக்கலாமே சார்" என்றேன். "மரியாதைன்னு நீதானேம்மா சொன்னே" என்றார். ரயில் கிளம்பிவிட்டது. நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது.

மறுபடி இருபது நாய், மறுபடி வீடு வீடாகக் கதவு. காத்திருந்த வேலை வேறொருவருக்குப் போனது. அப்பாவின் வைத்தியத்துக்கு அம்மா வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இந்தத் தடவை நாய் என்னைப் பார்க்காதபடி மறைவில் உட்கார்ந்து, ஆள் போன பிறகு எப்படிப் படுக்கிறது, எத்தனை தடவை இடம் மாறுகிறது, எங்கே திரும்புகிறது என்பதையே எழுதினேன். எல்லா நாய்க்கும் குறைந்தபட்ச வலி மருந்து கொடுத்துவிட்டு, அதற்கு மேல் எது உதவுகிறது என்று பார்ப்பதாக ஆய்வையும் மாற்றிக்கொண்டேன். கையெழுத்து வாங்கும்போது "பெரிய" என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். பவுனு தையல் பிரித்து ஊருக்குப் போய், ரொம்ப வருடம் நன்றாக இருந்தாள்.

பட்டம் வந்தது, வேலை வந்தது, கல்யாணமும் ஆனது. பெண் பார்க்க வந்த அன்று என் கணவர், "நாய்க்கு வலிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பஜ்ஜியைக் கீழே வைக்காமல் முழுதும் கேட்டார்.

மறு வருடம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது, வயிற்றைக் கிழித்து. மறுநாள் காலையில் புகுந்த வீட்டு ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கணவரின் மாமா வாசலில் தலையைக் காட்டியதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, புடவையை இழுத்துவிட்டுச் சிரித்தேன். "எதுக்கு மாமா இம்புட்டுத் தொலவு அலையிறீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். நர்ஸ் குறிப்பு அட்டையோடு வந்து, "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சிஸ்டர்."

மூலையில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற என் கணவர், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "சிஸ்டர், இவ இப்ப சொன்னதை எழுதாதீங்க. நாங்க எல்லாரும் வெளிய போறோம். அப்புறம் வந்து, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கான்னு பாத்துட்டு எழுதுங்க."

ஒரு வேன் சொந்தத்தையும் அவரே வெளியே கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். நர்ஸ் ஊசியை எடுத்து வந்தார். அதில் என்ன மருந்து என்று கேட்டு, பெயரையும் அளவையும் இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் கையை நீட்டினேன்.

அன்று பிறந்தவள் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள். எனக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டது, மாடி ஏற முடியவில்லை, ராத்திரியில் புரண்டு படுக்க முடியவில்லை. "எப்படிம்மா இருக்க?" என்பாள். "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பேன். அவள் அதற்கு மேல் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "சரி, போனை அப்பாகிட்ட குடு" என்பாள்.